நெட்டாலுக்குப் போன சின்னக் கொள்ளுத்தாத்தா: எங்கிருந்து தேடுவது?

பாலாற்றங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நெட்டாலுக்கு (நேட்டால்) கரும்பு வெட்டப் போனவர். வீட்டில் அவரை 'நெட்டாலார்' என்றுதான் சொல்வார்கள். ஊர், பழைய வடாற்காடு ஜில்லா குடியாத்தம் தாலுகாவில் ஒரு சின்ன கிராமம். இப்போது வீட்டில் அவரைப் பற்றித் தெரிந்தவர் என் அத்தை ஒருவர்தான். எண்பதைத் தாண்டிவிட்டார். அவர் போவதற்குள் எழுதி வைக்க வேண்டும் என்று உட்கார்ந்து கேட்டேன்.

அத்தை சொன்னது: தாது வருஷப் பஞ்சத்தில் சோறில்லாமல் போனார். மாடு விற்கச் சந்தைக்குப் போனவரை ஒரு ஆள்கட்டி, அதாவது கூலிக்கு ஆள் பிடிப்பவன், பேசி மயக்கிக் கூட்டிப் போய்விட்டான். பிறகு பணம் அனுப்பினார், அதில்தான் ஊருக்கு மேற்கே இருக்கும் 'கப்பல் கழனி' வாங்கப்பட்டது. காந்தியோடு ஜெயிலுக்குப் போனார். அங்கேயே ஒரு அம்மாவைச் சேர்த்துக்கொண்டு இருந்துவிட்டார். எப்போது செத்தார், எங்கே செத்தார், ஒன்றும் தெரியாது.

இதை வைத்துக்கொண்டு எங்கே போய்த் தேடுவது? அவர் பெயரை இங்கே போட எனக்கு விருப்பமில்லை. தனிமடலில் கேட்டால் சொல்கிறேன்.

எழும்பூர்வாசகி:
அத்தை பேசும்போது குரலைப் பதிவு செய்தீர்களா? செய்யாவிட்டால் இந்த வாரமே செய்துவிடுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போது முதல் முறை சொல்லாத ஒன்று வரும்.

ஒரு கேள்வி. கொள்ளுத்தாத்தா, அதாவது அண்ணன்காரர், எந்த வருஷம் பிறந்தவர் என்று ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?

பாலாற்றங்கரை:
பிறப்புக்கு இல்லை. இறப்புப் பதிவு இருக்கிறது. 1947, வயது சுமார் 70.

எழும்பூர்வாசகி:
அப்படியானால் அண்ணன் பிறந்ததே 1877 வாக்கில். தாது வருஷம் 1876-77. பஞ்சம் நடந்தபோது அண்ணன் கைக்குழந்தை, தம்பி பிறக்கவே இல்லை. அத்தை பொய் சொல்லவில்லை. நம் வடமாவட்டங்களில் எந்தப் பஞ்சத்தையும் தாது வருஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள், அந்த வருஷம் அப்படி அடித்துப் போட்டிருக்கிறது. 1896-97லும் 1899-1900லும் பஞ்சம் வந்தது. அத்தையின் பாட்டி 'பஞ்சத்தில் போனான்' என்று மட்டும் சொல்லியிருப்பார். வருஷத்தின் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிப் போன முதல் கப்பல் ட்ரூரோ, 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று அங்கே டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. 1866 முதல் 1874 வரை ஆள் எடுப்பது நின்றிருந்தது. கடைசிக் கப்பல் உம்லாஸி, 1911 ஜூலையில். மொத்தம் 1,52,184 பேர், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். உங்கள் தாத்தா 1879க்குப் பிறகு பிறந்தவர் என்றால், பதினாறு பதினேழு வயதில் போனார் என்று வைத்தாலும், தேட வேண்டியது 1895 முதல் 1911 வரைதான். ஐம்பது வருஷப் பட்டியல் பதினைந்து பதினாறு வருஷமாகச் சுருங்கிவிட்டது.

நேட்டால்வாசி:
நான் பிழைப்புக்காக டர்பன் வந்த தமிழ்நாட்டுக்காரன். இங்கே உள்ள குடும்பங்களுக்காக எதிர்த்திசையில் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். அவர்கள் ஊரைத் தேடுகிறார்கள், நீங்கள் ஆளைத் தேடுகிறீர்கள்.

நேட்டாலுக்கு வந்த ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஒரு எண் உண்டு, காலனி எண் என்பார்கள். கைக்குழந்தைக்கும் உண்டு. அந்த எண் கிடைத்துவிட்டால் பாதிக் கதவு திறந்த மாதிரி. கல்யாணப் பதிவு, முதலாளி மாறியது, புகார் மனு, எல்லாவற்றிலும் அந்த எண் கூடவே வரும். கப்பல் பட்டியல்கள் இங்கே குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று பத்தி பத்தியாக இருக்கும். யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பதும் கிடைக்கும்.

ஆனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள். கூலியாள் வாயால் சொல்ல, எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியது அது. முனுசாமி ஒரு பட்டியலிலேயே ஐந்து விதமாக இருப்பார், அதுவும் ஒரே கப்பலில் பத்து முனுசாமி இருப்பார்கள். இங்கே கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். சில வீடுகளில் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அதனால் தாலுகாவையும் கிராமத்தையும் முதலில் பிடியுங்கள். குடியாத்தத்தையே பல விதமாக எழுதியிருப்பார்கள், எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். அதற்குள் தகப்பன் பெயரைத் தேடுங்கள்.

முக்கியமான ஒன்று. ஆள் கிடைத்ததும் அவருக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் படியுங்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்துப் பதிவாகியிருப்பார்கள். தனியாக மயங்கிப் போனாரா, மச்சானோடு சேர்ந்து போனாரா என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும்.

அடங்கல்:
நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பக்கத்து வேலையைச் சொல்கிறேன்.

முதலில் எல்லை. 'வடாற்காடு ஜில்லா' என்று பதிவில் இருந்தால் அதை இன்றைய வேலூர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1911ல் சித்தூர் ஜில்லா பிரிந்தபோது பல தாலுகாக்கள் அங்கே போயின. திருத்தணி 1960ல்தான் திரும்பி வந்தது. பிறகு 1989ல் திருவண்ணாமலை, 2019ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர். நம்மவர் கேஸ் குடியாத்தம் என்பதால் தொல்லை குறைவு, ஆனால் ஆந்திர எல்லைக் கிராமமாக இருந்தால் இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது அந்தக் 'கப்பல் கழனி'. இதுதான் உங்கள் கையில் இருக்கிற பெரிய ஆதாரம். வாங்கினது என்றால் பத்திரம் இருக்கும். வீட்டில் தாய்ப்பத்திரத்தைத் தேடுங்கள். பழைய பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கினவர், இன்னார் குமாரர், என்ன சாதி, என்ன தொழில், எந்த ஊர், எல்லாம் எழுதியிருப்பார்கள். நாற்பக்க எல்லை சொல்லும்போது பக்கத்துக் கழனிக்காரன் பெயரும் வரும். கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) எழுதிய கணக்கு இருந்தால் நல்லதுதான், ஆனால் 1980ல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது பழைய கணக்கு எல்லாம் ஒழுங்காகக் கைமாறவில்லை. சில ஊர்களில் இன்னும் கர்ணம் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது.

செங்கம்மகள்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நிலம், பட்டா, பத்திரம் என்றே பேசுகிறீர்கள். அந்தக் கப்பல்களில் ஏறினவர்களில் எத்தனை பேருக்குக் காணி இருந்தது? எங்கள் சேரியிலிருந்து மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் போனவர்களைப் பற்றிச் சிட்டாவிலும் அடங்கலிலும் ஒரு வரி இருக்காது. பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவனுக்கு எந்தக் கர்ணம் கணக்கு எழுதினான்? எங்களுக்கு அந்தக் கப்பல் பட்டியல் ஒன்றுதான். தகப்பன் பெயரோடு, ஊர்ப் பெயரோடு எங்கள் பாட்டனை ஒரு மனிதனாக எழுதி வைத்த முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும். அதில் சாதிப் பத்தியைப் பார்த்துவிட்டு 'இது நம்மவர் இல்லை' என்று தள்ளிவிடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அடங்கல்:
நியாயமான பேச்சு அம்மா. 1892ல் வந்த பஞ்சமி நில ஒப்படைப்புக்குப் பிறகு, அதாவது தாழ்த்தப்பட்டவர்களுக்குச் சர்க்கார் நிலம் கொடுத்த பிறகு, சில ஊர்களில் கிராம நிலங்களின் 'ஏ' பதிவேட்டில் அந்தக் குறிப்பு இருக்கும், அங்கே பெயர் கிடைக்கலாம். அதற்கு முந்தியது நீங்கள் சொன்ன மாதிரிதான்.

நேட்டால்வாசி:
சாதிப் பத்தியை மட்டும் வைத்து ஆளைச் சேர்க்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. எழுத்தர் தானாக ஒன்றைப் போட்டதும் உண்டு. வயதும் அப்படித்தான், 20, 22, 25 என்று கண்ணளவில் போட்டிருப்பார்கள். கிராமமும் தகப்பன் பெயரும் சேர்ந்து பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பாலாற்றங்கரை:
எல்லாருக்கும் நன்றி. கொஞ்சம் முன்னேற்றம் இருக்கிறது.

பத்திரம் சித்தப்பா வீட்டில் இருக்கிறது, காட்ட மறுத்துவிட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து யாரோ பங்கு கேட்டு வரப்போகிறார்கள் என்று பங்காளிகளுக்குப் பயம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்தக் கழனியே எழுபதுகளில் கைமாறிவிட்டது, ஆனாலும் பயம் போகவில்லை.

அடங்கல்:
சித்தப்பாவோடு சண்டை வேண்டாம். பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலாம் புத்தகத்தில் நகல் இருக்கும். 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவுப்படி அந்தப் புத்தகத்தையும் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பழைய காலத்துப் பத்திரம் கணினியில் வராது, கையால் தேடச் சொல்லி மனுப் போடுங்கள். சர்வே எண்ணும், வாங்கின கொள்ளுத்தாத்தாவின் பெயரும் போதும்.

மலைநாட்டான்:
நான் ஹட்டன் பக்கம். வாசிக்க வாசிக்கப் பொறாமையாக இருக்கிறது. இலங்கைக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு இந்த மாதிரி ஆளுக்கு ஒரு எண், தகப்பன் பெயர், கிராமம் என்று பட்டியல் கிடையாது. கங்காணி ஊரில் கூட்டம் சேர்த்து மண்டபம் வழியாகக் கொண்டுவந்தார், தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாள் பேரேட்டில், பேர் விழுந்தது, அவ்வளவுதான். செக்ரோலும் பல தோட்டங்களில் மிச்சமில்லை.

எங்களுக்கு ஆவணம் வந்த வழியே வேறு. 1948 சட்டத்தில் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டோம். 1949ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் வந்தது. பிரஜாவுரிமை வேண்டுமானால் எத்தனை வருஷம் இங்கே இருந்தாய், எந்தத் தோட்டம், பெண்சாதி பிள்ளை எங்கே, எல்லாவற்றையும் எழுதி மனுப் போட வேண்டும். எங்கள் தாத்தாவின் மனுவின் பிரதி ஒன்று ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. அவருடைய தகப்பன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது அதில்தான் எனக்குத் தெரிந்தது. உரிமையைப் பறிக்க வந்த சட்டத்துக்குப் பதில் சொல்லப்போய் எங்கள் வம்ச வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. மனு நிராகரிக்கப்பட்டது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியப்பா குடும்பம் இந்தியா போனது. யாருக்காவது மலையகத்து ஆட்களைத் தேட வேண்டியிருந்தால், பழைய பாஸ்போர்ட்டையும் இந்த மனுக்களையும் விடாதீர்கள்.

எழும்பூர்வாசகி:
மலைநாட்டான், உங்கள் பதிவைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் வேறு எதிலும் மனம் போகவில்லை. பிரதியை நல்லபடியாகப் படம் எடுத்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். இதற்குத் தனி இழையே தொடங்கலாம்.

பாலாற்றங்கரை:
பத்திர நகல் கையில் வந்துவிட்டது. 1904ஆம் வருஷம். அண்ணன் பெயரில் வாங்கியது, பணம் எங்கிருந்து வந்தது என்று அதில் இல்லை. ஆனால் தகப்பன் பெயர் தெளிவாக இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது!

அதை வைத்துப் பட்டியலில் பார்த்தால் குடியாத்தம் தாலுகாவில், எங்கள் ஊர்ப் பெயரோடு, அதே தகப்பன் பெயரோடு ஒருவர் இருக்கிறார். வயது 20. கப்பல் போனது 1890களின் கடைசியில். அங்க அடையாளம் என்ற இடத்தில் 'இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு' என்று இருக்கிறது. அத்தையிடம் போனில் படித்துக் காட்டினேன். 'ஏர்க்கொழு பட்டது, அவங்க அண்ணன் உழுதப்போ' என்று உடனே சொன்னார். இதை அவர் இதுவரை சொன்னதே இல்லை.

எழும்பூர்வாசகி:
சந்தோஷம். இருந்தாலும் தழும்பை ஆதாரமாக எடுக்காதீர்கள். அந்தப் பட்டியலின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் காலில் தழும்பு உள்ளவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், எல்லாரும் காட்டிலும் மேட்டிலும் வேலை செய்தவர்கள். நீங்கள் படித்துக் காட்டிய பிறகுதான் அத்தை சொன்னார். முதலில் அவர் சொல்லி, பிறகு தாளில் பார்த்திருந்தால் அது வேறு. தகப்பன் பெயரும் ஊரும் பொருந்துவதுதான் பலம். பக்கத்து எண்களைப் பார்த்தீர்களா?

பாலாற்றங்கரை:
பார்த்தேன். அடுத்த எண்ணும் எங்கள் ஊர்தான், வயது 24. அதற்கடுத்தவர் பக்கத்து ஊர். மூன்று பேராகப் போயிருக்கிறார்கள். சந்தையில் ஒருத்தன் மயக்கினான் என்ற கதை கொஞ்சம் ஆட்டம் காணுகிறது.

செங்கம்மகள்:
மயக்கிக் கூட்டிப்போனான் என்று சொல்வது வீட்டுக்கு மரியாதை. அண்ணனோடு மனத்தாங்கலில் போனான், பசிக்குப் போனான் என்று எந்த அம்மா வெளியே சொல்வாள்? ஆள்கட்டிகள் ஏமாற்றியதும் உண்மைதான். இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம்.

நேட்டால்வாசி:
எண் கிடைத்துவிட்டதால் நான் இங்கே பார்த்தேன். பாலாற்றங்கரை அனுமதி கொடுத்ததால் பொதுவில் எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டு.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். மாதம் பத்து ஷில்லிங்கில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும், அரிசி பருப்பு தனி. நேட்டாலின் வடக்குக் கடற்கரையில் ஒரு கரும்புத் தோட்டம். இந்தியாவுக்குப் பணம் அனுப்புவது இங்கே குடியேறிகளின் பாதுகாவலர் (ஒப்பந்தக் கூலிகளைக் கவனிக்கும் சர்க்கார் அதிகாரி) அலுவலகம் வழியாகவும் நடந்தது, அதனால் 1904 கழனிக்கும் அவருக்கும் தொடர்பு இருப்பது நடக்கக்கூடியதே. சீட்டு மட்டும் என் கண்ணில் படவில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் அவர் இரண்டாம் முறை கையெழுத்து வைத்திருக்கிறார். காரணம் எளிது. 1895 சட்டப்படி, அதற்குப் பிறகு வந்தவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கும் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இருந்தால் வருஷம் மூன்று பவுன் வரி. மாதம் பத்துப் பதினைந்து ஷில்லிங் வாங்குகிறவனுக்கு மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். 1903ல் 16 வயதான பையனுக்கும் 13 வயதான பெண்ணுக்கும்கூட நீட்டினார்கள்.

காந்தியோடு ஜெயில் என்பதற்கு: 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் நவம்பரில் கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது, ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள், நிறையப் பேரைப் பிடித்து அடைத்தார்கள். உங்கள் தாத்தா இருந்த பகுதியும் அதில் உண்டு. காந்தி அப்போது வேறு இடத்து ஜெயிலில் இருந்தார். 'காந்தி சொன்ன வரிப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார்' என்பது ஊருக்கு வரும்போது 'காந்தியோடு' என்று ஆகியிருக்கலாம். அவர் பெயரில் தண்டனைப் பதிவு எதையும் நான் பார்க்கவில்லை, அதனால் நடக்கக்கூடியது என்பதோடு நிறுத்துகிறேன். 1914ல் அந்த வரி ஒழிந்தது.

நேட்டால்வாசி:
இன்னொன்று, இதுதான் பெரியது. பாதுகாவலரிடம் பதிவான அவருடைய கல்யாணம். மனைவிக்கும் சொந்தக் காலனி எண் இருக்கிறது, தனிக் கப்பல், தென்னாற்காடு ஜில்லா. நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர். அவருடைய தகப்பன் பெயரும் ஊரும் இருக்கிறது.

செங்கம்மகள்:
அப்படியானால் 'ஒரு அம்மாவைச் சேர்த்துக்கிட்டார்' என்ற பேச்சை விட்டுவிடுங்கள் அண்ணா. முறையாகப் பதிவு செய்த கல்யாணம். 1913ல் அந்த ஊர்க் கோர்ட்டு ஒன்று கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லித்தான் பெண்களே போராட்டத்துக்கு இறங்கினார்கள், நம் தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலுக்குப் போய் வந்து 1914 பிப்ரவரியில் உயிரை விட்டதும் அந்தப் போராட்டத்தில்தான். தனியாகக் கடல் தாண்டிப் போன அந்த அம்மாவையும் உங்கள் வம்ச மரத்தில் எண்ணோடும் ஊரோடும் எழுதுங்கள். அவரைத் தேடி யாரும் இப்படி இழை தொடங்கப்போவதில்லை.

பாலாற்றங்கரை:
எழுதிவிட்டேன், தங்கச்சி. அத்தையிடமும் சொன்னேன். 'அப்ப எனக்கு அவங்க சின்னப் பாட்டி முறை' என்றார்.

நேட்டால்வாசி:
மரண அறிவிப்பும் கிடைத்தது. இங்கே ஒருவர் இறந்தால் சொத்து நிர்வாகத்துக்காக நிரப்பும் படிவம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். 1938, வெருலம் பக்கம், தொழில் காய்கறித் தோட்டம். தகப்பன் பெயர் பொருந்துகிறது. பிறந்த இடம் 'மெட்ராஸ்' என்று மட்டும். தாய் பெயர் 'தெரியாது'. பிள்ளைகள் பெயர் வரிசையாக இருக்கிறது. கீழே கையெழுத்துப் போட்டவர் மூத்த மகன்.

எழும்பூர்வாசகி:
அந்தக் கையெழுத்தைக் கவனிக்க வேண்டும். படிவத்தில் இருப்பது மகனுக்குத் தெரிந்தது. குடியாத்தம் என்ற பெயரோ பாட்டியின் பெயரோ மகனுக்குத் தெரியவில்லை, அல்லது அதிகாரி கேட்டு எழுதவில்லை. சர்க்கார் தாள் என்பதால் அதை அத்தையின் வாய்ச்சொல்லுக்கு மேலே வைக்க வேண்டியதில்லை. கப்பல் பட்டியலிலும் யாரோ சொல்ல, யாரோ எழுதினார்கள். ஒவ்வொரு தாளிலும் சொன்னது யார், எழுதினது யார், அந்த நேரத்தில் எதற்காக என்று குறித்து வையுங்கள்.

பாலாற்றங்கரை:
தேதி கிடைத்ததால் இன்னொரு வேலை. அவருக்கு இதுவரை மகாளய அமாவாசையில்தான் எள்ளும் தண்ணீரும் விட்டு வருகிறோம். 1938 என்றால் வெகுதான்ய வருஷம், ஆவணி மாதம். பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதி குறிக்கச் சொல்லியிருக்கிறேன். டர்பன் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னே, அதையும் ஐயரிடம் சொன்னேன். படிவத்தில் நேரம் இல்லாததால் இரண்டு திதி வருகிறது. அத்தை முதல் திதியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இப்போது கடைசிக் கேள்வி. வெருலம் பக்கம் அந்தப் பிள்ளைகளின் வாரிசு ஒரு குடும்பம் இருப்பதாக நேட்டால்வாசி சொல்கிறார். எழுதலாமா?

மலைநாட்டான்:
எழுதுங்கள். அந்தப் பக்கத்திலும் யாராவது ஊர் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

எழும்பூர்வாசகி:
எழுதுங்கள், ஆனால் உயிரோடு இருப்பவர்கள் விவரத்தை இனி இங்கே போடாதீர்கள்.

நேட்டால்வாசி:
நேரடியாக வேண்டாம். கடிதத்தை ஆங்கிலத்தில் சின்னதாக எழுதி என்னிடம் கொடுங்கள், நான் கொண்டுபோய்க் கொடுத்து, பேச விருப்பமா என்று கேட்கிறேன். காலனி எண், கப்பல், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, அண்ணன் பெயர் போதும். கழனியைப் பற்றி முதல் கடிதத்தில் எழுதாதீர்கள், உங்கள் சித்தப்பாவுக்காகவும், இங்கே உள்ளவர்கள் தவறாக நினைக்காமல் இருக்கவும். அந்த அம்மாவின் எண்ணையும் தென்னாற்காட்டு ஊரையும் கட்டாயம் சேருங்கள். இங்கே பல வீடுகளில் தாத்தாவின் ஊரைத் தேடுகிறார்கள், பாட்டிக்கும் தனியாக ஒரு ஊர் இருந்தது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அத்தை பேசிய பதிவிலிருந்து இரண்டு நிமிடம் அனுப்ப முடிந்தால் அதையும் அனுப்புங்கள். தமிழ் புரியாது, நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

பாலாற்றங்கரை:
சரி. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்புகிறேன். ஏர்க்கொழு கதையை அத்தை சொல்கிற இடத்தை அனுப்பலாமா?

நேட்டால்வாசி:
அதையே அனுப்புங்கள். பட்டியலின் படத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.